ஒட்டுத் தெரியாத சுவர்

பெயின்டரம்மாவின் வீட்டை இடிக்க வந்த ஆட்கள், அந்த வீட்டின் மேலேயே சாய்ந்து நின்று டீ குடித்துவிட்டு, வீட்டைக் காணோம் என்று முதலாளிக்குப் போன் செய்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நேரம் உள்ளே பெயின்டரம்மாவும் அவள் கணவரும் இருந்தார்கள், வெளியே ஆயிரக்கணக்கில் குளவிகள் இருந்தன. வீடு மட்டும் தெரியவில்லை.

குளவிகள் குடிவந்து அதற்குள் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பழைய சுவரில் ஒரு திட்டுப் பெயர்ந்தால் அங்கே மட்டும் நிறம் கலந்து பூசுவதில் பெயின்டரம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. பூசிய இடம் எது என்று வீட்டுக்காரராலேயே காட்ட முடியாது. சுவர் விஷயத்தில் தன் கண்ணை ஏய்க்க ஒருத்தி இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று வாய் கூசாமல் சொல்லிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் ஒட்டடை அடிக்க ஏணி போட்டு ஏறி, தன் வீட்டுச் சுவரில் கை வைத்தாள். சுவர் உறுமியது, விரல் வீங்கியது. இறங்கி வந்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். செங்கல், சாந்துக்கோடு, பாசி, உப்புப் பூத்த வெளுப்பு என்று எல்லாம் இருந்தது, ஆனால் அது கூடு. மரத்தைச் சுரண்டி, மென்று, எச்சிலில் குழைத்து, பின்னால் இருந்த சுவரை அப்படியே முன்னாலும் குளவிகள் கட்டியிருந்தன. எறும்பும் குருவியும் கூட்டைத் தேடி வந்து ஏமாந்து போயின.

"மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திடவா?" என்றார் கணவர். லேத் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டுகிற மனுஷன், ஈ பறந்தாலும் துண்டால் தலையை மூடிக்கொள்வார்.

"கொளுத்துவீங்க, கொளுத்துவீங்க! கொட்டுறது எவ வேணா கொட்டுவா. கண்ணுல படாம இருக்கறதுதாங்க வேலை. இவளுங்க நம்ம தொழில்காரிங்க, இருந்துட்டுப் போகட்டும்."

இருந்தார்கள். கூடு சுவரெல்லாம் பரவி, வெயில் காலத்தில் வீடு குளுகுளுவென்று இருந்தது. கணவரும் துண்டோடு பழகிக்கொண்டார். இதற்கிடையே ஒரு கிடங்கு முதலாளி இரண்டு பக்கத்து வீடுகளையும் வாங்கி இடித்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கிடங்கு எழுப்பினார். நடுவில் இந்த வீடு அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். புருஷனும் பெண்டாட்டியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பிய வீடு, எந்த விலைக்கும் கொடுப்பதில்லை என்றாள் பெயின்டரம்மா. முதலாளி எந்த அலுவலகத்தில் யாரைப் பிடித்தாரோ, கட்டடம் ஆபத்தானது, இடிக்கலாம் என்று உத்தரவு வாங்கிவிட்டார்.

அந்த வாரம் குளவிகள் ஓயவில்லை. கிடங்குச் சுவரின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னல், கூரை, படி என்று எல்லாவற்றையும் மூடின. கதவை மட்டும் தொடவில்லை. தவறு பெயின்டரம்மாவுடையது. வருஷா வருஷம் அதற்கு எலுமிச்சை மஞ்சள் எனாமல் அடிப்பாள், தெருவுக்கே அதுதான் அடையாளம். உத்தரவு வந்த ஆத்திரத்தில் இன்னொரு பூச்சும் அடித்துவைத்தாள். அந்த நெடிக்குக் குளவி கிட்டே வருமா?

"உன் ஆளுங்க வீட்டையே மறைச்சுட்டாங்க. உன் மஞ்சள்தான் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது" என்றார் கணவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த மஞ்சளை அழிப்பது தன் பேரைத் தானே அழிப்பது போல இருந்தது, அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு காவியும் கரியும் சுண்ணாம்பும் குழைத்தாள். குளவிகள் விட்ட இடத்திலிருந்து சாந்துக்கோட்டைப் பிடித்து, கதவின் குறுக்கே இழுத்து, அந்தப் பக்கம் அவர்கள் கோட்டோடு சேர்த்தாள். செங்கல் செங்கல்லாக அடைத்தாள்.

ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி கதவின் மேலேயே முதுகைச் சாய்த்தார். "மஞ்சக் கதவுன்னாங்களே, ஒண்ணையும் காணோமே!"

"இது ஒரே செவுருண்ணே. வேலைப்பாட்டைப் பாருங்க, கட்டுனவன் சாமானியப்பட்டவன் இல்ல" என்றான் ஒருவன்.

உள்ளே பெயின்டரம்மா வாயைத் திறந்தேவிட்டாள். வீடு போனாலும் பரவாயில்லை, அது நான்தான் என்று ஒரு சத்தம் போட்டுவிட வேண்டும் போல இருந்தது. கணவர் துண்டை எடுத்து அவள் வாயைப் பொத்தினார். ஆட்கள் போகும்வரை அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது, அத்தனையும் பெருமை.

பிற்பாடு முதலாளியே வந்தார். சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்து, தன் கிடங்கு இவ்வளவு நீளமா என்று பூரித்துப்போய்த் திரும்பினார். தபால்காரர் சுவருக்கு முன்னால் நின்று "அம்மா" என்பார், ஒரு கை வெளியே வந்து வாங்கிக்கொள்ளும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் பெயின்டரம்மாவின் கண்ணுக்கு ஒன்று உறுத்தியது. கதவை ஒட்டிய இடத்தில் குளவிகளின் சிவப்பு ஒரு சாயல் வெளிறியிருந்தது. சொன்னால் சங்கடப்படுவார்கள் என்று சும்மா இருந்தாள். ஒரு காலையில் கதவெல்லாம் குளவிகள். அவள் பூச்சைச் சுரண்டி எடுத்துப் போய், தங்கள் ஓரத்தைப் பிரித்து, அவள் நிறத்துக்கு மறுபடி கட்டிக்கொண்டிருந்தன.

"கதவைச் சுரண்டுறாங்களே!" என்று பதறினார் கணவர்.

"சுரண்டட்டுங்க" என்றாள். அந்த வருஷத்திலிருந்து கதவுக்குக் கொஞ்சம் கனமாகவே பூசிவைத்தாள், அவர்களுக்கும் சேர்த்து.