சாவி தண்ணிக்குள்ள நிக்குது

பல் டாக்டரோடு அவளுக்குப் பழக்கம் ஏற்பட்டதே வாய் திறந்து பேச முடியாத ஒரு நாளில்தான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்கு ஊசி போட்டுவிட்டு, அது மரத்துப்போகும் வரை பொழுது போக வேண்டுமே என்று அவர் பத்திரிகையை விரித்துக் குறுக்கெழுத்துப் புதிரைச் சத்தமாகப் படித்தார்.

"தலை போனால் மீன் மாட்டும், தலை இருந்தால் மனம் மாட்டும். மூணு எழுத்து."

கொஞ்சம் யோசித்துவிட்டு 'கவலை' என்று எழுதினார். முதல் எழுத்தை வெட்டினால் வலை, வெட்டாவிட்டால் கவலை என்று நர்சுக்கு விளக்கமும் சொன்னார். இப்படியெல்லாம் எழுதுகிறவனுக்கு மரை கழன்றிருக்க வேண்டும் என்றாள் நர்சு. அந்த ஆள் நான்தான் என்று சொல்ல நாற்காலியில் சாய்ந்திருந்தவள் வாயெடுத்தாள். வாய் நிறையப் பஞ்சு.

அவளுக்குப் பிழைப்பு லிஃப்ட் கம்பெனியில், புகார் ஃபோன் எடுக்கும் வேலை. புதிர் போடுவது ஆசைக்கு. விடைகளை எழுதி அனுப்ப நிறையப் பேர் இருந்தார்கள். அது ஏன் விடை என்று சொல்ல ஒருத்தர்தான் இருந்தார். டாக்டர் தொழிலை விட்ட பிறகும் ஞாயிறு தவறாமல் ஃபோன் செய்து, ஒவ்வொரு குறிப்பையும் எங்கே வெட்டினாள், எங்கே ஒட்டினாள் என்று பிரித்துக் காட்டுவார். நொள்ளை இருந்தால் விடமாட்டார். 'புதிர்க்காரம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு குறிப்பில் அவளுக்கே சந்தேகம் இருந்தது. 'முதலில் கொடு, பிறகு கழன்றால் பைத்தியம், பூத்துவிடும். மூணு எழுத்து.' தா என்றால் கொடு, கழல்வது மரை, சேர்த்தால் தாமரை. நர்சு சொன்னதிலிருந்து திருடியதுதான். கழல்வது மரை மட்டும்தானா, பல்லும் கழலாதா என்று டாக்டர் மல்லுக்கு நிற்பார் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். வழக்கமான நேரம் தாண்டியும் ஃபோன் வரவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

கடைசியில் மணி அடித்தது. டாக்டர்தான். தாமரை சரி என்றார். மெதுவாகப் பேசினார். சண்டைக்கே வரவில்லை.

"சாவி தண்ணிக்குள்ள நிக்குது," என்றார். "நாற்காலிய அணைச்சிட்டு வாங்க."

அவள் சிரித்துவிட்டாள். "என்ன டாக்டர், நீங்களும் குறிப்பு எழுத ஆரம்பிச்சிட்டீங்களா?"

அவர் அதையே திரும்பச் சொன்னார். ஏதோ உருளும் சத்தம் கேட்டு, இணைப்பு அறுந்தது.

எனக்கே புதிரா என்று அவளுக்கு ரோஷம் வந்தது. பத்திரிகையின் ஓரத்தில் வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'தண்ணிக்குள்ள' என்றால் ஒரு சொல்லுக்குள் இன்னொரு சொல்லை நுழைக்க வேண்டும். நீருக்குள் எதை நுழைப்பது? நாற்காலி நாலு கால் உள்ள எதுவாகவும் இருக்கலாம்: மேசை, கட்டில், மாடு. அணைப்பது விளக்கையா, பிள்ளையையா? அணை என்றால் தண்ணீர் தேக்குவதும் அணைதானே! ஆகா, மனுஷன் பலே ஆள்தான் என்று நினைத்தாள். ஆனால் எங்கே இழுத்தாலும் முடிச்சு இறுகியதே தவிர அவிழவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் எடுக்கவில்லை. தோற்றுவிட்டதாக ஒத்துக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே எடுக்காமல் இருக்கிறார் என்று பட்டது.

வாசலில் பள்ளிக்கூட வேனைக் கழுவிக்கொண்டிருந்த நாத்தனார் ஈரக் கையோடு உள்ளே வந்தாள். வேன் அவளுடையது, ஓட்டுவதும் அவள்தான். புதிர் என்றால் அவளுக்கு வேப்பங்காய். எட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை எழுத்து அண்ணி?" என்று சும்மா கேட்டு வைத்தாள்.

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்து, அப்படியே நின்றாள்.

எத்தனை எழுத்து என்று அவர் சொல்லவில்லை. எழுத்துக் கணக்கு இல்லாத குறிப்பை அவர் குறிப்பு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். ஒரு தடவை அச்சில் அந்த எண் விட்டுப் போனதற்கு அரை மணி நேரம் வறுத்தெடுத்திருக்கிறார். அது மட்டுமில்லை. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு குறிப்புகூட எழுதியதில்லை. எழுதச் சொன்னால், பிடுங்கத்தான் தெரியும், நடத் தெரியாது என்பார்.

"அது புதிர் இல்லடி," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அவருக்கு என்னமோ ஆயிடுச்சு. வண்டிய எடு."

சோப்பு நுரை காயாமலே வேன் கிளம்பியது. வழியெல்லாம் சிவப்பு விளக்கு. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு, ஆம்புலன்சுக்கு ஃபோன் செய்து விலாசம் சொன்னாள். சைக்கிள் கடைக்கு மேல் மாடி, மூடிக் கிடக்கும் பல் ஆஸ்பத்திரி. தொழிலை விட்ட பிறகு அவர் அங்கேயே தனியாகக் குடியிருந்தார். பேசி முடித்த கையோடு அவள் மனம் மறுபடியும் சாவி, தண்ணி, நாற்காலி என்று உருட்டத் தொடங்கியது. சனியனே நிறுத்து என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மாடிக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டியதற்குப் பதிலில்லை. கீழேயிருந்து சைக்கிள் கடைக்காரர் இரும்புக் கம்பியோடு ஏறி வந்து நெம்பினார். பழைய சிகிச்சை நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் டாக்டர். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை மடியில் துணி மாதிரி கிடந்தது. அவளைப் பார்த்ததும் ஏதேதோ சொன்னார். ஒன்றுக்கொன்று ஒட்டாத சொற்கள். இந்தத் தடவை அவள் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் அவளைப் பாராட்டினார்கள். பத்திரிகை ஓரத்தில் கிறுக்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தை அவர்களிடம் எப்படிச் சொல்வது? வெளியூரிலிருந்து ஓடி வந்த டாக்டரின் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது முள் மேல் நிற்பது போலிருந்தது.

உயிர் பிழைத்தது. பேச்சு மட்டும் தவணை முறையில் வந்தது. கரண்டியைச் சீப்பு என்றார், மகளை அம்மா என்றார். அவள் தினமும் வேலை முடிந்து போய் உட்கார்ந்தாள். அவர் ஒரு சொல்லுக்குத் தடுமாறும்போது எடுத்துக் கொடுக்க நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்வாள். அந்த வாரங்களில் அவள் போட்ட புதிர்கள் அவளுக்கே பிடிக்கவில்லை. எழுத்துகளைக் கலைத்துப் போடும்போதெல்லாம் அவர் வாய் கோணியது கண் முன்னால் வந்தது.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின மாலை, மகள் மருந்து வாங்கப் போயிருந்த நேரம், அவள் கேட்டே விட்டாள்.

"அன்னிக்கு ஃபோன்ல என்ன சொல்ல வந்தீங்க டாக்டர்?"

அவர் கூரையைப் பார்த்தபடி சொற்களைத் தேடினார்.

"கை... தூக்க முடியல. வாங்கன்னு... சொன்னேன். வேற என்னமோ... வந்துச்சு. காதுல கேட்டுச்சு... எனக்கே."

"நான் சிரிச்சேன்."

"ஆமா. சிரிச்சீங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "கோவம்... வந்துச்சு. ரொம்ப."

அவள் தலை குனிந்துகொண்டாள். ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. வெளியே மருந்து வண்டி உருண்டு போனது. கொஞ்ச நேரம் கழித்து, நல்ல கையால் தலையணையைத் தட்டி உயர்த்தி வைக்கச் சொன்னார். வைத்தாள். இன்னும் கொஞ்சம் என்றார். வைத்தாள். மகள் திரும்பி வரும் வரை அவள் கிளம்பவில்லை.