சாவி இல்லாத அலமாரி

நாத்தனார் ஸோரிட்ஸா மட்டும் அந்தச் சோபாவைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், பில்யானா பொய் சொல்லியிருக்க மாட்டாள்.

மாமனார் காலமான பிறகு குடும்பத்தின் ஸ்லாவா அவள் கணவன் நேனாத்தின் கைக்கு வந்தது. குலத்தைக் காக்கும் புனிதருக்கான திருநாள் அது. அவர்களுக்குப் புனித ஜார்ஜ், நவம்பர் மாதம். இத்தனை காலம் கிராமத்து வீட்டில் நடந்தது. இனி வால்யெவோ நகரத்தில், நான்காம் மாடியில், பில்யானாவின் வரவேற்பறையில் நடக்க வேண்டும். ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஒரு தடவை வந்தவர்கள் வருஷா வருஷம் தாங்களாகவே வருவார்கள். எத்தனை பேர் என்பது புனித ஜார்ஜுக்கே வெளிச்சம்.

வரவேற்பறை என்பது பேச்சுக்குத்தான். அங்கே இருந்தவை ஒரு மடக்குக் கட்டில், ஒரு டிவி, ஈரத்துணி உலர்த்தும் கம்பிச் சட்டம். வருகிறவர்களை அந்தக் கம்பிமேல் தொங்கவிட முடியாது.

செப்டம்பரில் ஒரு மாலை ஸோரிட்ஸா நோவி சாத் நகரிலிருந்து போன் செய்தாள். அவள் கணவனுக்கு அங்கே டைல்ஸ் கடை. அவள் நல்லவள்தான்; உதவி செய்வாள், ஆனால் செய்கிற உதவியில் ஒரு முள்ளும் இருக்கும்.

"கஷ்டமா இருந்தா சொல்லு பில்யானா. நான் தூக்கிப் போடப்போற சோபா ஒண்ணு இருக்கு. பூனை ஒரு பக்கம் கிழிச்சிருக்கு, அவ்வளவுதான். லாரியில ஏத்தி அனுப்பிடறேன்."

"வேண்டாம் அண்ணி," என்றாள் பில்யானா. சுர்ரென்று ஏறிவிட்டது அவளுக்கு. "எல்லாம் புதுசா ஆர்டர் கொடுத்தாச்சு. அலமாரியைக்கூட பெல்கிரேடுல செய்யச் சொல்லியிருக்கோம்."

போனை வைத்தபோது நேனாத் சூப்பில் ரொட்டியைத் தோய்த்தபடியே நிமிர்ந்து பார்த்தான். அவன் நகரப் பேருந்து ஓட்டுபவன், எதற்கும் பதறமாட்டான்.

"பெல்கிரேடுல யாருகிட்ட கொடுத்திருக்கோம்?"

"நீ பேசாம சாப்பிடு."

இருந்த பணத்தில் பன்றிக்குட்டி, ஒயின், ரொட்டி எல்லாம் போக மிஞ்சியதில்தான் அறை. பில்யானா மருந்துக்கடை வேலை முடிந்ததும் நேராகக் கொலுபரா ஆற்றங்கரையில் இருக்கும் மீத்தாவின் பழைய சாமான் கொட்டகைக்குப் போய்விடுவாள். ஸ்விட்சர்லாந்திலிருந்து லாரியில் வந்தவை ஒரு பக்கம், உள்ளூர் வீடுகளிலிருந்து வந்தவை மறுபக்கம். ஆறு நாற்காலிகள் வாங்கினாள். ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை வண்ணம் அடித்ததும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி நின்றன. அங்கேயே வாங்கிய சோபாவின் கறையை மறைக்கத் திரைத்துணியில் உறை தைத்துப் போட்டாள். அதோடு வந்த கம்பளத்தில் சிகரெட் சுட்ட ஓட்டை இருந்தது. அந்த மூலையை டிவிக்கு அடியில் தள்ளினாள். இரண்டு வீடுகளில் மிஞ்சிய பெயிண்டைக் கலந்து சுவருக்கு அடித்ததில், கொஞ்சம் பால் கூடிப்போன காப்பி நிறம் வந்தது. அதுவும் அழகாகத்தான் இருந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

அலமாரியைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். வால்நட் மரம்; மேலே கண்ணாடிக் கதவுகள், கீழே மரக் கதவுகள். யாரோ வருஷக்கணக்காக மெழுகு போட்டுத் துடைத்திருக்கிறார்கள்.

"கீழ்க்கதவு அடைச்சா தானா பூட்டிக்கும், சாவி கிடையாது," என்றான் மீத்தா. "அதான் பதினெட்டாயிரம் தினார். சாவி இருந்தா முப்பதுக்குக் கொறஞ்சு தரமாட்டேன்."

"யார் வீட்டு அலமாரி?"

"விக்கறவங்க பேரைச் சொல்லிட்டு நான் இந்த ஊர்ல கடை வைக்க முடியுமாக்கா?"

ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டடமே தேவாலயத்திலும் சந்தையிலும் இருந்த நேரத்தில், போர்வையால் மூடி மேலே ஏற்றினார்கள். பூட்டு விழாமலிருக்க நேனாத் ஒரு பேருந்துச் சீட்டை மடித்துக் கதவு இடுக்கில் செருகினான். கண்ணாடிக்குள் கோப்பைகள் ஏறின. மேலே குரோஷா விரிப்பு விழுந்தது. அன்றிலிருந்து பில்யானா யாரையும் வாசல் தாண்ட விடவில்லை. ஸ்லாவா அன்றைக்குப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாள்.

தரைத்தளத்து தெசங்கா அத்தைக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அறுபதைத் தாண்டிய விதவை. நாக்கு மட்டும் இன்னும் இருபதில் இருந்தது.

"என்னடி உள்ள தங்கச் சுரங்கமா தோண்டற? எல்லார் வீட்லயும் காப்பி குடிச்சாச்சு, உன் வீடு ஒண்ணுதான் பாக்கி."

அவள் மட்டும் யாரைத் தன் வீட்டுக்குள் விட்டாள்? பில்யானா அந்த வாசலைத் தாண்டியதே கிடையாது. ஒரு மாதமாக யார் வந்தாலும் அத்தை கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே பேசி அனுப்பிவிடுகிறாள். அதே ஒரு மாதமாகத்தான் அவள் வாயில் புதுப் பல்வரிசை பளபளத்தது. ஆஸ்திரியாவில் இருக்கும் மகன் கோரான் பணம் அனுப்பினானாம். பால்காரனிடமிருந்து பாதிரியார் வரை அதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. சிரிக்க வேண்டாத இடத்திலும் சிரித்துக் காட்டினாள்.

ஸ்லாவா அன்று பதினொரு மணிக்கே படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. "வீட்டுக்காரா, திருநாள் வாழ்த்து!" என்று ஒவ்வொருவரும் நேனாத்தின் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்து, இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். பச்சை நாற்காலிகள் நிரம்பின, சோபா நிரம்பியது, இடமில்லாமல் கம்பளத்தின்மீதே யாரோ ஒரு பெரியப்பா உட்கார்ந்தார். அறை நன்றாக இருக்கிறது என்று நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். பில்யானாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஸோரிட்ஸா கோட்டைக்கூடக் கழற்றாமல் அறையைச் சுற்றி வந்தாள். அலமாரியின் ஓரத்தில் விரலை ஓட்டினாள்.

"இதுதான் பெல்கிரேடு அலமாரியா?"

"ஆமா அண்ணி."

"நல்ல வேலைப்பாடு," என்றாள் ஸோரிட்ஸா. அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் பில்யானா இரண்டு மாதம் கை தோல் உரிய மரத்தைத் தேய்த்திருந்தாள்.

தெசங்கா அத்தை கடைசியாக வந்தாள். வாசலில் பல்லைக் காட்டிச் சிரித்தவள், அறைக்குள் ஓரடி வைத்ததும் நின்றுவிட்டாள். பார்வை அலமாரிமேல் இருந்தது. பில்யானா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். பழைய சாமான் என்று கண்டுபிடித்துவிட்டாள், இப்போது சபையில் போட்டு உடைக்கப் போகிறாள்! ஆனால் தெசங்கா, "அறை நல்லா இருக்கு கண்ணு," என்று மட்டும் சொன்னாள். பிறகு ஒரு நாற்காலியைத் தேடி எடுத்து, அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

மேசையில் ரொட்டியும் ஒயினும் தயாராயின. எல்லோரும் எழுந்து நின்றார்கள். வீட்டுத் தலைவன் மெழுகுவர்த்தியை ஏற்றி, ரொட்டியை வெட்டினால்தான் சாப்பாடு. பிள்ளைகள் உடைத்துவிடக் கூடாதே என்று மெழுகுவர்த்தியை பில்யானா அலமாரியின் கீழ்த்தட்டில் பத்திரப்படுத்தியிருந்தாள். குனிந்து கதவை இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். கீழே கம்பளத்தில் மடித்த பேருந்துச் சீட்டு கிடந்தது.

"அதுவா?" என்றாள் ஸோரிட்ஸா பெருமையாக. "கதவு சரியா மூடாம துருத்திட்டிருந்துது. இவ்வளவு காசு கொடுத்து வாங்கிட்டுக் காகிதத்தைச் செருகி வெச்சிருக்கீங்களேன்னு நான்தான் எடுத்துட்டு நல்லா அமுக்கி மூடினேன். சாவியைப் போட்டுத் திற."

"சாவி..." என்றாள் பில்யானா.

"புது அலமாரிக்குச் சாவி கொடுக்கலையா?"

அறையில் இருபது பேர் நின்றார்கள். நேனாத் மனைவியின் முகத்தைப் பார்த்தான். சமையலறைக்குப் போய் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வந்தான். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் அதன் முனையை வைத்தான்.

"நிறுத்துடா டேய்!"

தெசங்கா அத்தை கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்தாள். அதில் ஒரு சின்னப் பித்தளைச் சாவி. பார்க்காமலேயே துளையில் போட்டாள், முழங்காலால் கதவை லேசாக ஏந்திக்கொண்டு திருப்பினாள். கதவு சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

"எடு மெழுகுவர்த்தியை," என்றாள், யாரையும் பார்க்காமல்.

"இதோட சாவி உங்ககிட்ட எப்படி?" என்று கேட்டாள் ஸோரிட்ஸா.

"எங்கிட்டயும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கு. எல்லாப் பூட்டும் ஒரே பூட்டுதான்."

"பெல்கிரேடுல ஆர்டர் கொடுத்துச் செஞ்சதுக்கும் உங்க பழைய அலமாரிக்கும் ஒரே சாவியா? அந்தத் தச்சன் பேர் என்ன பில்யானா?"

பில்யானா அந்தப் பித்தளைச் சாவியைப் பார்த்தாள். பிறகு தெசங்காவின் இறுக மூடிய வாயைப் பார்த்தாள். ஒரு மாதமாகச் சிரித்துக்கொண்டே இருந்த வாய். அந்தப் பல்வரிசை, ஒருக்களித்த கதவு, மீத்தா சொல்லாமல் விட்ட பெயர் எல்லாம் ஒன்றாக வந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்தன. இந்த மனுஷி சாவியை எடுக்காமல் பேசாமல் நின்றிருக்கலாம். கதவு பிளந்திருக்கும், மரம் போயிருக்கும், இரண்டு பேர் மானமும் தப்பியிருக்கும். எடுத்ததோடு, இப்போது பில்யானாவுக்காகப் பொய்யும் சொல்கிறாள்.

"பெல்கிரேடும் இல்ல, தச்சனும் இல்ல அண்ணி," என்றாள் பில்யானா. "நான் பொய் சொன்னேன். இது அத்தையோட அலமாரி. எங்களுக்கு முதல் ஸ்லாவான்னு சும்மாவே கொடுத்தாங்க. பரிசா."

ஸோரிட்ஸாவின் புருவம் மேலே போனது. நாலு பேர், "அட, என்ன மனசு!" என்றார்கள். யாரோ தெசங்காவின் தோளைத் தட்டினார்கள்.

தெசங்கா அந்தக் கையை உதறினாள்.

"பரிசாவது மண்ணாவது! வித்தேன். மீத்தாகிட்ட வித்தேன், சாவி தொலைஞ்சுபோச்சுன்னு அவன்கிட்டயும் பொய் சொன்னேன். கொத்துல இருந்து கழட்ட மனசு வரல. முப்பது வருஷம் துடைச்ச அலமாரி." மூச்சு வாங்கினாள். பிறகு உதட்டை விரலால் தூக்கிப் பிடித்து, புதுப் பற்கள் முழுவதையும் சபைக்குக் காட்டினாள். "எங்க போச்சுன்னு பார்க்கணுமா? பார்த்துக்கோங்க! மேல் வரிசை அலமாரி. கீழ் வரிசை என் வீட்டுக்காரரோட மோட்டார் சைக்கிள்!"

கம்பளத்துப் பெரியப்பாதான் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு அறையே குலுங்கியது. ஸோரிட்ஸா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மை கன்னத்தில் வழிந்தது. தெசங்காவும் சிரித்தாள், வாயைக் கையால் மூடாமல்.

"கோரான் பணம் அனுப்பலையா அத்தை?" என்று மெதுவாகக் கேட்டான் நேனாத்.

"அவன் எங்க அனுப்பறான்! ஈஸ்டருக்கு ஒரு போன் வந்துச்சு. அதோட சரி." அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "ஊருக்குச் சொல்ல ஒரு பிள்ளை வேணும்ல?"

பில்யானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நேனாத் மெழுகுவர்த்தியை ஏற்றினான். ரொட்டியைத் திருப்பிப் பிடித்துக் குறுக்காக வெட்டி, வெட்டில் ஒயினை ஊற்றினான். எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் பில்யானா நாத்தனாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சோபாவின் கறை, கம்பளத்தின் ஓட்டை, நாற்காலிகளின் ஆறு பிறப்பிடங்கள், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது.

"என் பூனை கிழிச்ச சோபா மட்டும் வேண்டாம், ஊர்ல இருக்கிறவன் கறை பண்ணின சோபா இனிக்குதா உனக்கு?" என்றாள் ஸோரிட்ஸா. கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் தட்டில் இரண்டாம் தடவை பன்றிக்கறியை வைத்துக்கொண்டு, திரைத்துணி உறையின் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். "நீயே தைச்சியா? எனக்கும் ஒண்ணு தைச்சுக் கொடு."

சாயங்காலம் தெசங்கா கிளம்பும்போது, சாவியைக் கொத்திலிருந்து கழற்றி பில்யானாவின் உள்ளங்கையில் வைத்தாள். நகம் கொஞ்சம் உடைந்தது அவளுக்கு. அவ்வளவு இறுக்கமான வளையம். "இனி இது உன்னோடது. மாசத்துக்கு ஒரு தடவை மெழுகு போடு."

பில்யானா சாவியைத் திரும்பவும் அவள் கைப்பைக்குள் போட்டாள். "உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தை."

"அப்புறம் பூட்டிக்கிட்டா என்னடி பண்ணுவே?"

"உங்களைக் கூப்பிடுவேன்."

தெசங்கா கைப்பையை மூடினாள். படிக்கட்டில் இறங்கும்போது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை நேனாத் முதல் பேருந்தை எடுக்கப் போய்விட்டான். பில்யானா காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். இரண்டு கோப்பைகளை எடுத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். கதவிடுக்கில் நேனாத் மறுபடி செருகியிருந்த பேருந்துச் சீட்டை உருவி எறிந்தாள். கதவை நன்றாக அமுக்கி மூடினாள். பூட்டு விழுந்தது.

பிறகு வாசலுக்குப் போய், படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தரைத்தளத்துக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"அத்தை! கோப்பையெல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு! சீக்கிரம் மேல வாங்க, காப்பி பொங்குது!"