சோடித்த கார்

முப்பத்தொன்பது வருடப் பழைய சலஞ்சர் காரைப் பிள்ளைபோல வைத்திருக்கிற ஒருவன், வாங்கி ஒரு வருடமும் ஆகாத என் புதுச் சலஞ்சரோடு அதை மாற்றிக்கொள்வோமா என்று கேட்டால், நான் சந்தேகப்படாமல் என்ன செய்வது?

விமலநாதனை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். நகரத்தின் ஒரு முனையில் லாசாலில் நான், மறுமுனையில் செயின்ட்-மிஷேலில் அவன். என் புதுசு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பழசா, புதுசா என்று வாய்ச்சண்டை பிடிப்போம். என்னுடையது பிரிஜ் மாதிரி, பெட்டி பெரிசு, உள்ளே குளிர் மட்டுந்தான் என்பான். தன்னுடைய 1970ஆம் ஆண்டுக் காரின் கதவைக்கூட வேறு ஒருவரையும் சாத்த விடமாட்டான். அப்படிப்பட்டவன் இந்த ஜூனில் ஒருநாள் தானாகவே கேட்டான்.

"டேய் அருமை, உன்ர புதுசைத் தா, என்ர பழசை எடு. ஒண்டுக்கொண்டு சரி."

"ஏனடா?"

"சும்மாதான்."

சும்மா என்ற சொல்லை நான் என் வாழ்நாளில் நம்பியதில்லை. ஆனால் அந்தக் காரின் மேல் பதினைந்து வருட ஆசை. ஓம் என்றுவிட்டேன்.

சாதாரண மொடலை வாங்கி, பெரிய எஞ்சினைப் போட்டு, 'ஆர்/டி' எழுத்தை ஒட்டி, அரிய மொடல் என்று தலையில் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். விமலின் கார் அசல் ஆர்/டி ஆனால், முன் கண்ணாடிக்குள்ளே கொம்பனி அடித்த இலக்கத் தட்டு ஜே.எஸ். என்று தொடங்கவேண்டும். தொடங்கியது. தட்டையும் மாற்றலாமே என்று நினைத்தேன். எங்கள் பிரிஜ்ஜில் இருந்த மாதா படக் காந்தத்தைக் கொண்டுபோய், அவன் தேநீர் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்துத் தகரம் முழுவதும் வைத்துப் பார்த்தேன். பூசி மெழுகிய இடத்தில் காந்தம் ஒட்டாது. ஒட்டாத இடம் ஒன்றுகூட இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

கார் மாற்றுவதற்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், குசினியில் என் மனைவி யோசெப்பின் போனில் விமலின் மனைவி புஷ்பவதியோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

"சோடிச்சாச்சே? இல்லை, இவருக்குத் தெரியாது. நான் மூச்சும் விடேல்லை."

பொய் வழக்கைச் சோடித்த வழக்கு என்கிறோம். பொய்க் கதையைச் சோடித்த கதை என்கிறோம். அப்படியானால் இது சோடித்த கார். அதற்கு என் பெண்சாதியும் உடந்தை. அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்லுவாள் என்று கேட்கவில்லை.

ஏமாறுவதற்கு நான் என்ன விரல் சூப்பும் பிள்ளையா? பச்சை விளக்கு விழும்போதெல்லாம் புகை கிளப்பி நான் மொட்டையாக்கிய பின் டயர் இரண்டும் கொட்டிலுக்குள் கிடந்தன. சனிக்கிழமை விடிந்ததும் தெரிந்த கராஜுக்குப் போய், புது டயர்களைக் கழற்றி அவற்றைப் போட்டேன். மனம் குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து யோசெப்பினை ஏற்றிக்கொண்டு செயின்ட்-மிஷேலுக்குப் போனேன்.

விமல் கராஜ் கதவைத் தூக்கினான்.

கார் மணப்பெண்போல நின்றது. முகப்பில் ரிபன், செவ்வந்தி மாலை, நான்கு டயருக்கும் முன்னால், கண்ணூறு கழிய நசுக்கவென்று தேசிக்காய். உள்ளே கண்ணாடியில், சைவக்காரர் வீட்டுக் காரில், ஒரு செபமாலை. யோசெப்பின் வாங்கிக் கொடுத்ததாம். கலியாண வீட்டையும் சோடிக்கிறது என்றுதான் சொல்லுவோம். அந்தச் சொல்லின் நல்ல பக்கம் எனக்கு நினைவிலேயே வரவில்லை.

விமல் நொண்டி நொண்டி வந்தான்.

"முழங்கால் போட்டுதடா. கிளச் மிதிக்கேலாது. உன்ரை ஓட்டோமற்றிக் எண்டபடியால் ஓடலாம். வேற ஆருக்கும் இதைக் குடுக்க மனம் வரேல்லை. காலைப் பற்றிச் சொன்னால் பாவம் பாத்து ஓம் எண்டிடுவாய் எண்டுதான் சொல்லேல்லை."

அப்போதுதான் புஷ்பவதி ஒரு தட்டில் நான்கு தேசிக்காய்களோடு வந்தாள்.

"அருமை அண்ணை, உங்கடைக்கும் வைக்கவேணும்."

"தாங்கோ, நான் வைக்கிறன்," என்று பாய்ந்தேன்.

"விடடா. இனி இது என்ர கார்," என்று விமல் வாங்கிக்கொண்டான்.

முன் டயர் இரண்டுக்கும் வைத்தான். காரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய் மெதுவாகக் குந்தினான். அவனுடைய உள்ளங்கை டயரைத் தடவிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"நீயும் சோடிச்சுத்தான் கொண்டுவந்திருக்கிறாய், என்ன?"

"எங்கை அண்ணை, ரிபன் ஒண்டையும் காணேல்லையே," என்று புஷ்பவதி சிரித்துக்கொண்டு என் காரைச் சுற்றிப் பார்த்தாள்.

விமல் அந்த மொட்டை டயருக்கு முன்னால் தேசிக்காயை வைத்தான். பிறகு, எழும்புவதற்காக என்னிடம் கையை நீட்டினான்.