மயக்கத்தில் வாங்கிய கையெழுத்து

உழவர்கரையில் இருந்த அந்தத் தனியார் மனநல மருத்துவமனையில் யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்த்ததே இல்லை. காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. ஒருவரை அவர் விருப்பமில்லாமல் சேர்ப்பதென்றால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அந்தத் தலைவலி எதற்கு? முதலில் ஒரு ஊசி. கண் செருகியதும் ‘என் சுயவிருப்பத்தின் பேரில் சேர்கிறேன்’ என்ற படிவத்தில் கையெழுத்து. காலைப் பிடித்துத் தூக்கி வரப்பட்டவர்கள்கூட அங்கே விரும்பி வந்தவர்கள்தான்.

நர்ஸ் செல்வாம்பாளுக்கு இதை நினைத்தாலே வயிறு எரியும். எரிந்து என்ன, எட்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டுதான் வேலை பார்த்தாள்.

முத்தியால்பேட்டையிலிருந்து மர்த் என்ற அம்மாள் வந்த பிறகு அது பொறுக்காமல் போயிற்று. ஓய்வுபெற்ற பிரெஞ்சு டீச்சர். புருஷன் செத்த துக்கத்தில் பத்து நாள் தூங்காமல் தெருத்தெருவாக அலைந்தது உண்மை. மருந்து கொடுத்ததும் நியாயம்தான். மூன்று வாரத்தில் தெளிந்துவிட்டார். ஆனால் கொண்டுவந்து விட்ட தம்பி லூதோவிக், வீட்டை இடித்து ஃபிளாட் கட்டும்வரை அக்கா இங்கேயே இருக்கட்டும் என்றான். நான்கு மாதம் ஓடிவிட்டது.

ஒரு காலையில், வீட்டுக்குப் போக யாரிடம் எழுதிக் கேட்க வேண்டும் என்று மர்த் கேட்டார். சுயவிருப்பத்தில் சேர்ந்தவர் எழுதிக் கேட்டால் இருபத்துநாலு மணி நேரத்தில் விட வேண்டும், இல்லையென்றால் டாக்டர்கள் குழு வைத்துக் காரணம் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம் என்றாள் செல்வாம்பாள். மர்த் நான்கு வரி எழுதினார். செல்வாம்பாள் அதை டூட்டி நோட்டில் நேரத்தோடு பதிந்து, நோட்டோடு மேனேஜர் புருஷோத்தமன் மேஜையில் வைத்தாள்.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். அந்தம்மாவுக்கு ஒரு ஊசி போட்டுப் படுக்க வை, பேஷன்ட் முரண்டு பிடித்ததாக நோட்டில் எழுதிவிடு என்றார்.

செல்வாம்பாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தெளிந்த மனுஷியை மறுபடி மயக்கிப் போட ஒரு ஊசி, அதற்குப் பொய் எழுத ஒரு பேனா, இரண்டையும் பிடிக்க இவள் கை! முடியாது என்றாள். விரும்பி வந்தவரைச் சட்டப்படி விட வேண்டும் என்றாள்.

“என்னாம்மா சட்டம்? அந்தம்மா எங்க விரும்பி வந்திச்சி? மயக்கத்துல கையெழுத்து வாங்கனது ஒனக்குத் தெரியாதா?”

“அப்ப அதையே எழுதிக் குடுங்க சார்.”

எழுதிக் கொடுத்தால் புருஷோத்தமன் மாட்டுவார், கொடுக்காவிட்டால் காகிதப்படி விரும்பி வந்த மர்த் போய்விடுவார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: “அன்னிக்கி அந்தம்மா கையப் புடிச்சிக் கையெழுத்துப் போட வச்சது யாரு? நீதான?”

அது உண்மை. இத்தனை நாள் இந்த ஆள்மேல் என்று நினைத்திருந்த கோபத்தில் பாதி தன்மேல்தான் என்று அவளுக்கு விளங்கியது.

“ஆமா சார், நாந்தான்.”

டூட்டி நோட்டை இழுத்து, மர்த் கேட்ட பதிவுக்குக் கீழேயே அதையும் எழுதினாள். யார் சொல்லிச் செய்தாள் என்பதையும் எழுதினாள். தன் பெயர், பதிவு எண், நேரம் போட்டு நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். புருஷோத்தமன் அதை இரண்டு முறை படித்தார். டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்தார்.

பையோடு வந்த மர்த்திடம் அந்தப் பக்கத்தைச் செல்வாம்பாளே காட்டினாள். அவர் நிதானமாகப் படித்தார். நன்றி சொல்லவில்லை.

“இதுல எனக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும் சிஸ்டர். வக்கீலாண்ட குடுக்கணும்.”

செல்வாம்பாள் போய் எடுத்து வந்து கொடுத்தாள்.