முதல் வேண்டாம்

கவுண்டரில் நாகலக்ஷ்மி நிற்கிறாள் என்றால் பெட்டியின் எடையில் யாரும் விளையாட முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில், கனடாக்காரர்களின் விமானக் கம்பெனி ஒன்றில், அவள் செக்-இன் வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அழுகிற பயணி, அதட்டுகிற பயணி, ஊறுகாய் பாட்டிலை நீட்டித் தாஜா பண்ணுகிற பயணி எல்லாரையும் ஒரே சிரிப்போடும் ஒரே கறாரோடும் அனுப்பி வைப்பாள். 1999-இல் ஊழியர் ஒப்பந்தம் முடிந்து புதுப் பேச்சுவார்த்தை தொடங்கியபோது, அந்தக் கறாரைப் பார்த்துத்தான் யூனியன் தலைவி டாரத்தி அவளைக் குழுவில் சேர்த்துக்கொண்டாள். வேறு யாரும் கை தூக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

அந்த வருஷம் விமான நிலையம் ஊதிப் பெருத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் பக்கத்துத் தெருவுக்குப் போவது போல டொராண்டோவுக்கும் வான்கூவருக்கும் பறந்தார்கள். அவர்களுக்கு இடம் போதாமல் புதிதாக ஒரு பெரிய டெர்மினல் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கு பார்த்தாலும் கிரேன், எங்கு கால் வைத்தாலும் தூசி. விமான நிலையம் வளர்ந்தால் ஊர் வளரும் என்று பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அது வளர்வதற்காக யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று எழுத எவனுக்கும் நேரமில்லை.

ஒதுங்கியவர்களில் நாகலக்ஷ்மியும் ஒருத்தி. முன்பெல்லாம் காரை நிறுத்திவிட்டுப் பொடி நடையாகக் கவுண்டருக்கு வந்துவிடுவாள். கட்டட வேலைக்காக அந்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டு, ஊழியர்களின் கார்களை ஃப்ரீவேக்கு அந்தப் புறம் தள்ளிவிட்டார்கள். அங்கிருந்து பஸ். அது எல்லா வாசலிலும் நின்று, லாரிகளுக்கு வழிவிட்டு வந்து சேர அரை மணி ஆகும். போவதற்கு இன்னொரு அரை மணி. இந்த நேரத்துக்குக் கம்பெனி கணக்கில் பெயரே கிடையாது.

மற்றவர்களுக்கு அது எரிச்சல், அவளுக்கு அது மகள் தீக்ஷாவின் விஷயம். குழந்தையை விட்டிருந்த மில்பிடாஸ் டேகேர் ஆறு மணிக்கு மூடிவிடும். கணவன் மகாதேவன் மலை தாண்டி லிவர்மோரில் வேலை பார்த்தான், அவன் வீடு சேர ஏழு ஆகும். நாகலக்ஷ்மி பஸ்ஸில் இறங்கி, காரை எடுத்து, ஃப்ரீவே நெரிசலில் முட்டி மோதிப் போய்ச் சேரும்போது டேகேரில் பாதி விளக்கை அணைத்திருப்பார்கள். நாலு வயதுப் பெண், முதுகில் பையை மாட்டிக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் டீச்சர் கோட்டு மாட்டித் தயாராக நிற்பாள். இந்தத் தாமதம் இப்படியே நீடித்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வேறு இடம் கிடைக்காது. வேலைக்கு வரும்போது பஸ்ஸில் கழிகிற அரை மணியை வேலை நேரமாகச் சேர்த்துக்கொண்டால், சாயங்காலம் அரை மணி முன்னால் கிளம்பிவிடலாம். சேர்க்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். அவளுக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும்.

பேச்சுவார்த்தை விமான நிலையத்துப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் நடந்தது. முந்தின வருஷம் பைலட்டுகள் வேலைநிறுத்தம் செய்ததில் கம்பெனி கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. அதனால் இந்தத் தடவை டொராண்டோவிலிருந்து ஃபிரேசர் என்ற பெரியவரை அனுப்பியிருந்தார்கள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்புக்காரர்களை முதலில் போகச் சொல்லும் மனிதர். அவருக்குப் பக்கத்தில் கணக்குப் பார்க்க ஒருவன். அவன் பெயரை மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகையில் படித்ததும் நாகலக்ஷ்மிக்குப் பாதி பலம் போய்விட்டது. நகுலேஸ்வரன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அவளைவிடச் சில வயது இளையவன், இப்போது டொராண்டோவாசி. தமிழ் பேசுகிறவனோடு எப்படி மல்லுக்கு நிற்பது? அறைக்கு வெளியே இரு தரப்பும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. ஆகவே இருவரும் வராந்தாவில் எதிர்ப்பட்டால், திருடர்கள் மாதிரி பாதிச் சிரிப்புச் சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. ஒரு கோரிக்கையை வேண்டாம் என்று கைவிட்டால் கைவிட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. முதல் நாளே இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

பஸ் விஷயம் ஒரு நாள் மதியத்துக்கு மேல் வந்தது. இது உன்னுடையது, நீயே பேசு என்று டாரத்தி சொல்லியிருந்தாள். நாகலக்ஷ்மி குளியலறைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியிருந்தாள். அவர்கள் கத்தினால் என்ன சொல்வது, கேலி செய்தால் என்ன சொல்வது, எல்லாம் தயார். ஆனால் ஃபிரேசர் கத்தவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சற்றே முன்னால் சாய்ந்து, வீட்டுக்கு வந்தவளை உபசரிப்பது போல், "மிஸஸ் மகாதேவன், அந்தப் பஸ் நேரத்துக்கு நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று கேட்டார்.

"நோ, நோ, பரவாயில்லை. உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று சொல்லிவிட்டாள்.

மயிலாப்பூரில் அவளை வளர்த்த விதம் அப்படி. யார் வீட்டுக்குப் போனாலும், காபி வேணுமா என்று கேட்டால் வேண்டாம் மாமி என்று சொல்ல வேண்டும். மாமி விடக் கூடாது. ஒரு வாய் குடிச்சுட்டுப் போடி என்பாள். இப்போதான் குடிச்சேன் என்று ஒரு பொய் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை டம்ளர் தானாகக் கைக்கு வந்துவிடும், அப்போது குடிக்கலாம். முதல் தடவையே கையை நீட்டுகிறவளைக் காணாததைக் கண்டவள் என்று ஊரே பேசும்.

ஆகவே நாகலக்ஷ்மி கையைக் கட்டிக்கொண்டு ஃபிரேசர் இரண்டாவது தடவை கேட்பதற்காகக் காத்திருந்தாள். அவரோ நன்றி சொல்லி, மூக்குக்கண்ணாடியை மாட்டி, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பஸ் கோரிக்கை கைவிடப்பட்டது என்று குறிப்பு எடுப்பவள் தட்டச்சு செய்துவிட்டாள். டாரத்தி திரும்பிப் பார்த்த பார்வையில் நாகலக்ஷ்மிக்குத் தான் செய்த காரியம் புரிந்தது. மேஜைக்கு எதிரே ஒருவன் மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை. நகுலேஸ்வரனுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. ஆனால் அவன் எதிர்த்தரப்பு.

சாயங்காலம் டேகேரில் அதே பாதி இருட்டு, அதே கோட்டு. கதை இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தாள்.

மகாதேவன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, மோர் சாதம் பிசைந்து எடுத்து வந்தான். வேண்டாம் என்றாள். பசிக்கலை என்றாள். அவன் பாட்டுக்குத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.

"நாளைக்குப் போய் எக்ஸ்ப்ளைன் பண்ணு. எங்க ஊர்ல ஃபர்ஸ்ட் டைம் சொல்ற வேண்டாம் கணக்குல வராதுன்னு சொல்லு" என்றான்.

"வாயத் தொறந்து நானா போய்க் கேக்கறதா? மானம் போயிடும்."

"உனக்குன்னா கேக்க வேண்டாம். தீக்ஷாவுக்குக் கேளேன்."

அவள் பதில் சொல்லவில்லை. பக்கத்து அறையில் தீக்ஷா பொம்மைக்கு ஆங்கிலத்தில் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தெரியும், இந்த வீட்டில் பதில் வராவிட்டால் சரி என்று அர்த்தம். அந்த மட்டில் அவனைக் கட்டிக்கொண்டதற்காக நாகலக்ஷ்மி மனதுக்குள் கடவுளுக்கு ஒரு கும்பிடு போட்டாள். அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைகால் புரியாது.

மறுநாள் காலை, கூட்டம் தொடங்குமுன், நாகலக்ஷ்மி எழுந்து நின்றாள். நேற்று நான் சொன்ன வேண்டாம் வேண்டாமே இல்லை என்றாள். எங்கள் பக்கத்தில் முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்பதுதான் மரியாதை, கேட்டவர் திரும்பக் கேட்க வேண்டும், அதுதான் வழக்கம் என்று மாமி, காபி, டம்ளர் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றியது. டாரத்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

ஃபிரேசர் பொறுமையாகக் கேட்டார். உங்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் விதி விதிதான், இன்று இதற்கு இப்படிக் காரணம் சொன்னால் நாளை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வரும் என்றார். அதுவும் நியாயம்தான். பிறகு, பேச்சை முடித்து வைக்கும் எண்ணத்தோடு, பக்கத்தில் திரும்பி, "நகுல், உங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்ன?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னால் கம்பெனிக்கு லாபம். அவனுக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. நகுலேஸ்வரன் பேனாவின் மூடியைக் கழற்றினான், மாட்டினான். இருக்கிறது சார் என்றான்.

ஃபிரேசருக்கு நம்ப மனம் வரவில்லை. நீ என்னோடு வருஷக்கணக்காக வேலை செய்கிறாய், அப்படி எதையும் உன்னிடம் நான் பார்த்ததில்லையே என்றார். நகுலேஸ்வரன் மேஜை நடுவில் இருந்த டோனட் பெட்டியைப் பார்த்தான். ஃபிரேசர் எந்த ஊரில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் தன் கைக்காசில் ஒரு பெட்டி வாங்கி வந்து எல்லோருக்கும் நீட்டுகிறவர்.

"ஒவ்வொரு கூட்டத்திலும் டோனட் வேண்டுமா என்று கேட்பீர்கள். நான் வேண்டாம் என்பேன். பெட்டி அடுத்த ஆளுக்குப் போய்விடும்."

"ஆமாம். உனக்கு இனிப்புப் பிடிக்காது."

"மிகவும் பிடிக்கும் சார். ஒவ்வொரு தடவையும் வேண்டும் என்றுதான் இருந்தது."

ஃபிரேசரின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. எத்தனை ஊர், எத்தனை கூட்டம், எத்தனை பெட்டி என்று அவர் மனதுக்குள் போய் வருவது எல்லோருக்கும் தெரிந்தது. விருந்தோம்பலில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்த மனிதர், பக்கத்திலேயே ஒருவனை ஆசையோடு பார்க்கவைத்துவிட்டுத் தான் சாப்பிட்டிருக்கிறார். அவர் எழுந்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து நகுலேஸ்வரன் முன்னால் வைத்தார். எடுத்துக்கொள் என்றார். அவன் பரவாயில்லை சார் என்றான். எடுத்துக்கொள் என்று மறுபடி சொன்னார். அவன் சாக்லேட் தடவியதாகப் பார்த்து எடுத்தான். டாரத்திதான் முதலில் சிரித்தாள், பிறகு குறிப்பு எடுப்பவள், பிறகு எல்லோரும்.

ஃபிரேசர் சிரிக்கவில்லை. தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மிஸஸ் மகாதேவன், நேற்று நான் ஒரு தடவைதான் கேட்டேன். அது என் தவறு. அந்தப் பஸ் நேரத்துக்கு நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா?"

நாக்கு நுனியில் மறுபடியும் அதே பாழாய்ப்போன வார்த்தை வந்து நின்றது. இரண்டாவது தடவையும் மறுப்பதுதான் முறை. மூன்றாவது தடவை இவர் கேட்பாரோ மாட்டாரோ, யார் கண்டது? நாகலக்ஷ்மி அந்த வார்த்தையை விழுங்கினாள்.

"வேண்டும்" என்றாள். "இரண்டு அரை மணியும் வேண்டும்."

உடனே தூக்கிக் கொடுத்துவிட அவர் ஒன்றும் ஏமாளி இல்லை. மதியம் வரை இழுத்தார். போகும்போது ஆகும் பஸ் நேரத்தைத் தர முடியாது என்று அடம் பிடித்தார், அவளும் பெட்டி எடை பார்க்கிற கறாரோடு பேசினாள். கடைசியில் வரும்போது ஆகும் அரை மணி வேலை நேரத்தில் சேர்ந்தது. அவளுக்கு வேண்டியது அதுதான்.

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு பேசக் கூடாது என்ற விதியும் முடிந்தது. லிஃப்டில் நகுலேஸ்வரன் அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, மனிசன் இப்ப ஒவ்வொரு நாளும் டோனட் வேணுமோ எண்டு ரெண்டு தரம், மூண்டு தரம் கேக்கிறார். மாட்டன் எண்டு சொல்ல ஏலாமல் கிடக்கு. வயிறு வெடிக்கப் போகுது."

அவள் சிரித்தாள். நீங்க அன்னிக்கு வாய மூடிண்டு இருந்திருக்கலாமே, ஏன் சொன்னீங்க என்று கேட்டாள். "எனக்கும் டேகேரில ஒரு பொடியன் இருக்கிறான் அக்கா" என்றான். கதவு திறந்தது.

புது நேரம் அமலுக்கு வந்த முதல் நாள், நாகலக்ஷ்மி காரை ஓட்டிய வேகத்தை மகாதேவனிடம் சொல்லவில்லை. டேகேர் வாசலில் இறங்கியபோது இன்னும் வெயில் இருந்தது. உள்ளே எல்லா விளக்கும் எரிந்தன, ஏகப்பட்ட சத்தம். பையை மாட்டிக்கொண்டு கதவைப் பார்த்தபடி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தீக்ஷா மணல் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டு, இரண்டு பிள்ளைகளோடு ஏதோ தோண்டிக்கொண்டிருந்தாள். மகள் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நாகலக்ஷ்மி நினைத்தாள். தீக்ஷா நிமிர்ந்து பார்த்தாள், முகம் சுருங்கிற்று.

"அம்மா, யூ ஆர் டூ எர்லி. ஐ ஆம் நாட் டன்."

நாகலக்ஷ்மி நினைத்துப் பார்த்தாள். எத்தனை நாளாக இந்தக் குழந்தை விளையாடி முடித்து, எல்லோரும் போய், காத்துக் காத்து ஓய்ந்துபோன பிறகே அவள் வந்திருக்கிறாள். பாதி ஆட்டத்தில் வந்து கூப்பிட்டாயே என்று கோபித்துக்கொள்ள மகளுக்கு இன்றுதான் ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

"நீ வெளையாடு கண்ணா, அம்மாவுக்கு அவசரமே இல்ல" என்றாள்.

டீச்சர் ஒரு குட்டி நாற்காலியைக் கொண்டுவந்து, உட்காருகிறீர்களா என்று கேட்டாள். நாகலக்ஷ்மி முதல் தடவையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.