நெற்கட்டும்செவலுக்குப் போகாத கார்

1.

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. பாளையக்காரர்கள் வெள்ளையரோடு மோதிய இடங்களைக் காரில் ஒரே நாளில் சுற்றிவர ஒரு வழி போட்டு, பத்திரிகையில் கட்டுரை எழுதியிருந்தேன். பாஞ்சாலங்குறிச்சி, கயத்தாறு, நெற்கட்டும்செவல். சில மாதம் கழித்து சிவகாசிப் பக்கமிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். "உங்க வழியிலதான் போனோம் சார். கடைசி இடத்த மட்டும் பாக்கல" என்றாள். ஏன் என்று கேட்டேன்.

(அவள் பெயர் ரோஷினி அல்ல. மற்றவர்கள் பெயரையும் மாற்றிவிட்டேன். பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு மட்டுமா?)

2.

'பாஞ்சாலங்குறிச்சியின் மண்ணில் வெயில் ரத்தம்போல...'

வேண்டாம். இப்படித் தொடங்குகிறேன்:

கோட்டை வாசலில் ராஜபாண்டியன் தன் மனைவி சொர்ணலட்சுமியை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். காரை ஓட்டிவந்த மகள் ரோஷினி பக்கத்தில் நின்றாள். அப்போது போன் அடித்தது. வெம்பக்கோட்டை அருகே இருந்த அவர்களுடைய பட்டாசு ஆலையிலிருந்து ஃபோர்மேன் பாண்டிராஜ்.

"அண்ணாச்சி, மருந்து ரூம் வெடிச்சிருச்சு. நீங்க இங்கன வந்துராதீக. சனம் கொதிச்சுப்போய் நிக்கிது. போலீசும் வந்திருச்சு."

"உள்ள யாருலே இருந்தா?"

"சின்னத்தாய் அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக."

ஆலையில் வேலைபார்த்த சின்னத்தாயை ரோஷினிக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஆலைக்குப் போகும்போதெல்லாம் அவளுக்குத் தலைபின்னிவிட்டவள்.

ராஜபாண்டியன் தன் போனை அணைத்தார். மற்ற இருவர் போனையும் வாங்கி அணைத்தார்.

"அடுத்து எந்த இடம் பாப்பா?" என்றார்.

3.

இந்த இடத்தில் அவரைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். கல்நெஞ்சக்காரராக்கினால் கதை சுலபமாக ஓடுகிறது. ஆனால் ரோஷினி சொன்னது வேறு. பின்சீட்டில் உட்கார்ந்ததும் அவரால் சீட் பெல்ட்டை மாட்ட முடியவில்லை. சொர்ணலட்சுமிதான் மாட்டிவிட்டாள்.

வழியில் பின்கண்ணாடியில் ஜீப் ஏதாவது தெரிந்தால் ரோஷினியின் கால் தானாகவே வேகத்தைக் கூட்டியது. (தோற்ற பாளையக்காரர்களும் இப்படித்தான் காடு காடாக... இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவர்கள் யாருக்குப் பயந்து ஓடினார்கள், இவர் யாருக்குப் பயந்து ஓடுகிறார்?)

கயத்தாறில், கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில் யாரும் இறங்கவில்லை.

"மேற்க திருப்பு. நெற்கட்டும்செவல் போவோம். வக்கீல்ட்ட நாளைக்குப் பேசிக்கிடலாம்."

"சின்னத்தாய் அக்காவுக்கு எப்படி இருக்குன்னு கேட்டீகளாப்பா?"

"நான் போய் நின்னா அவ எந்திரிச்சு வந்துருவாளா?"

"வரமாட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரோஷினி காரை வடக்கே, சிவகாசிப் பக்கம் திருப்பினாள்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லி அவர் இறங்கினார். மனைவிக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க போங்க. நான் பிள்ளையோட போறேன்" என்றாள் சொர்ணலட்சுமி.

4.

சிவகாசி ஆஸ்பத்திரி வாசல். காரை அடையாளம் கண்டு கூட்டம் திரும்பியது. எல்லோருக்கும் முன்னால் முனியசாமி, சின்னத்தாயின் புருஷன்.

ஒரு முடிவு: சின்னத்தாய் கையில் கட்டோடு பிழைத்துக் கிடக்கிறாள். எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதனாலேயே கிழித்துப்போட்டேன்.

இன்னொன்று: ஒரு கல் பறந்து வந்து ரோஷினியின் நெற்றியில்... இல்லை. இதில் நாம் அவளுக்காக அழுதுவிட்டு எழுந்து போய்விடுவோம்.

அவளிடமே கேட்டேன்.

"நாங்க வர்றதுக்கு முன்னயே அக்கா போயிருச்சு சார். முனியசாமி அண்ணன் என்ன சொன்னாருன்னு மட்டும் கேக்காதீக."

ஆக எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். "இறங்காத" என்று சொர்ணலட்சுமி மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு அவளே முதலில் கதவைத் திறந்தாள். இரண்டு பேரும் நடந்துபோய் முனியசாமிக்கு எதிரில் நின்றார்கள். அவன் அவர்களை ஏறிட்டுப் பார்த்தான். பேச வாயெடுத்தான்.

அவன் சொன்ன வாக்கியம் என்னிடம் இல்லை. தீபாவளிக்கு நீங்களும் ஒரு சரமாவது கொளுத்தியிருப்பீர்கள். வாருங்கள், அந்த இரண்டு பேருக்கும் பக்கத்தில் நின்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.