ரெண்டாங்கட்டை

…மிதி, இன்னும் மிதி, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், புஷ்பவள்ளிக்கு நிற்க நேரமில்லை, சைக்கிள் சுற்றுலா வழிகாட்டியான முதல் நாளே ஓர் ஆளைத் தொலைத்துவிட்டாள், பன்னிரண்டு மணிக்கு முதலாளி உடையப்பன் வேனோடு கடற்கரைக்கு வந்து தலை எண்ணுவார், ஒன்று குறைந்தால் நாளைக்கு மறுபடியும் ஹோட்டல் லாண்டரிதான், அந்த ஆவி, அந்தப் புழுக்கம்… வேண்டாம் சாமி. கடல்காற்று முகத்தில் வந்து மோதுகிறதே, என்ன சுகம், ஆளைத் தேடிப் போகிறவளுக்குச் சிரிப்பு வரலாமா? தப்பு யார் மேல்? போர்ட்டிக்சன் பழைய துறைமுகத்தில் எல்லாரையும் நிறுத்தி, அந்தக் காலத்துல இந்த ஊருக்கு ஆராங்னு பேரு, மலாய்ல கரின்னு அர்த்தம், கப்பல்ல ஏறுனது அதான், கரி போயி ஈயம் வந்துச்சு, அப்புறம் நம்ம தோட்டத்து ரப்பர் ஷீட்டு, இப்ப நீங்க என்று சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தவர் அந்த ஹேமநாதன் ஒருவர்தான், மம்பாவ் ஊரிலிருந்து வந்தவர், இவள் வயதுதான் இருக்கும், ஊரிலிருந்து மைல் எண்ணித்தான் நம்மாளுங்க கட்டைன்னு சொல்றது, ஒண்ணாங்கட்டை, ரெண்டாங்கட்டை என்று இவள் விளக்க, நான் தனிக்கட்டைலா என்றார் அவர், நானும்தான் என்று இவள் வாய் முந்திக்கொண்டது, ஏன் முந்தியது? கூட்டமே சிரித்தது… அந்த வெட்கத்தில்தான், தேநீர்க் கடையில் ஒரு தே குடித்துவிட்டு ரெண்டாங்கட்டையில் கூடுவோம் என்று மொட்டையாகச் சொல்லிவிட்டாள். கடற்கரைச் சாலையில் ஒரு ரெண்டாங்கட்டை, எதிர்ப்பக்கம் லுக்குட் சாலையில் இன்னொன்று, மம்பாவ்காரர் வந்த வழி லுக்குட்தானே, அங்கேதான் போயிருப்பார், போனையும் எடுக்கவில்லை, மற்றவர்கள் கடற்கரையில் இளநீர் குடிக்கிறார்கள், இவளுக்கு ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது, மேடு ஏறியதாலா?

அதோ, மரநிழலில் நீலச் சட்டை. கையில் ஐஸ் தே கட்டிய பை… இரண்டா? வண்டியை நிறுத்தியதும் கொட்டித் தீர்த்தாள், இது லுக்குட் ரெண்டாங்கட்டைங்க, நான் சொன்னது கடற்கரை, ஊர் தெரியாதவங்களுக்கு விளங்கச் சொல்லாதது என் தப்பு, முதலாளி வர்றதுக்குள்ள கிளம்புங்க. அவர் அசையவில்லை. ஒரு பையை நீட்டினார், ஸ்ட்ராகூடச் செருகியிருந்தது.

"மெதுவா குடிங்கலா. உடையப்பன்கிட்ட பேசிட்டேன், வேன் ஒரு மணிக்குத்தான் வரும்."

உடையப்பனை இவருக்கு எப்படி…? ஸ்ட்ரா உதட்டிலேயே நின்றது. அவர் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நான் பொறந்து வளந்ததே அந்தக் கடற்கரை ரெண்டாங்கட்டையிலதான்."